பழைய வீட்டை விற்றுப் புது வீடு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

திருச்சியில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் 34 வருஷம் உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். கிரயம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று எத்தனையோ எழுதியாகிவிட்டது. என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் எனக்கு அதிகக் கவலை தந்தவர்கள், இருக்கிற வீட்டை விற்று அந்தப் பணத்திலேயே வேறு வீடு வாங்க வந்தவர்கள்தான். விற்கிறவனுக்கு ஒரு பதற்றம், வாங்குகிறவனுக்கு ஒரு பதற்றம் என்றால், இவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். விலையில் ஏமாந்தவர்களைவிட நாள் கணக்கில் மாட்டிக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஒருமுறை நானே மாட்டிக்கொண்டேன். அதையும் சொல்கிறேன். முதல்முறையாக இந்தக் காரியத்தில் இறங்கும் பிள்ளைகள் பொறுமையாக ஒருதடவை படியுங்கள்.

1. முதலில் விற்றுவிடுங்கள். பிறகு வாங்குங்கள்.

இதைக் கேட்டதும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். "விற்றுவிட்டு நடுத்தெருவிலா நிற்பது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ஆசிரியர் வேலை பார்த்த கணவன் மனைவி இருவர் என்னிடம் வந்தார்கள். புது வீடு கண்ணுக்கு அழகாக இருந்தது, கிழக்கு பார்த்த வாசல், கைவிட்டுப் போய்விடுமோ என்று நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதக் கெடு. பழைய வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கெடு எப்படியோ தெரிந்துவிட்டது. தரகர் வாயிலிருந்து போயிருக்கும். கெடு நெருங்க நெருங்க, வந்தவர்கள் கேட்ட விலை இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் தெரு விலையைவிட ஏழு லட்சம் குறைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மா பேனாவை என் கையில் திருப்பிக் கொடுத்தபோது அவர் கை நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

விற்றுவிட்டு ஆறு மாதம் வாடகை வீட்டில் இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? மாதம் 15,000 என்று வைத்தாலும் 90,000 ரூபாய். சாமான் இரண்டு முறை ஏற்றி இறக்கும் செலவு ஒரு 40,000 ஆகட்டும். ஏழு லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் பணத்தோடு வீடு தேடுகிறவனுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. பழைய வீடு விற்கும்வரை தாங்கிப் பிடிக்கச் சில வங்கிகள் இடைக்காலக் கடன் தருகின்றன. நிலையான சம்பளமும் வேறு சேமிப்பும் இருப்பவர்கள் அதை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். வீடு விற்பது தள்ளிப் போகும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும்.

2. தரகரிடம் சொல்வதற்கு முன்னால் உங்கள் பத்திரங்களை எடுத்து வெளியே வையுங்கள்.

வாங்கப் போகும் வீட்டின் பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து வரிக்கு வரி பார்க்கச் சொல்கிறோம். பதினைந்து வருஷமாக நாமே குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. என் விஷயத்தில் நடந்தது இதுதான். உறையூரில் எங்கள் அப்பா காலத்து வீடு. 2014-ல் அதை விற்று கே.கே.நகரில் ஒரு வீடு வாங்க ஏற்பாடு செய்தேன். ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிறவன், என் பத்திரத்தில் என்ன இருக்கப் போகிறது என்று இருந்துவிட்டேன். வாங்கியவர் வங்கிக் கடனில் வாங்கினார். வங்கியின் வக்கீல் மூலப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த மனை என் பாட்டி பெயரில் இருந்தது. பாட்டி உயில் எழுதாமல் காலமானார். அப்பாவுக்குப் போலவே அத்தைக்கும் அதில் பாகம் உண்டு. அந்தப் பாகத்தை விட்டுக்கொடுத்து அத்தை எழுதிய விடுதலைப் பத்திரம் எங்கே?

எங்கேயும் இல்லை. அத்தை சீர் வாங்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார், அதோடு முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். 2014-ல் அத்தையும் உயிரோடு இல்லை. அவர் பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் சிங்கப்பூரில். வாரிசுச் சான்று வாங்கி, சிங்கப்பூரில் இருந்தவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பி, அது இங்கே முத்திரை வைக்கப்பட்டு, மூவரும் விடுதலை எழுதிக் கொடுத்து முடிவதற்கு நாலு மாதம் பிடித்தது. அத்தை பிள்ளைகள் தங்கமானவர்கள், ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஆனால் நான் கே.கே.நகர் வீட்டுக்குக் கொடுத்திருந்த முன்பணம் ஐந்து லட்சத்தின் கெடு அதற்குள் முடிந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் கூடுதலாக மூன்று லட்சம் கேட்டார். கொடுத்தேன்.

ஆகவே இப்போதே எடுத்துப் பாருங்கள். உங்கள் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா, நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது. வில்லங்கச் சான்று 13 வருஷத்துக்குப் போதும் என்று சொல்வார்கள். வங்கிகள் 30 வருஷத்துக்குக் கேட்கும், நீங்களும் 30 வருஷத்துக்கே போட்டுப் பாருங்கள். பத்திரத்தில் சர்வே எண் ஒன்று, பட்டாவில் ஒன்று என்று இருக்கும். செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், கிழக்கும் மேற்கும் மாறியிருக்கும். அப்பா பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். இவற்றையெல்லாம் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிச் சரிசெய்யலாம், ஆனால் அதற்கு உங்களுக்கு விற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று தேடவே ஒரு மாதம் ஆகலாம். பட்டா இன்னும் பழையவர் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இன்றே மனுப் போடுங்கள். குடும்பத்தில் மைனர் பிள்ளைக்குப் பாகம் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அது கையில் வரும்வரை விலை பேச உட்காராதீர்கள்.

3. பத்திரம் வங்கியில் இருந்தால் கடனை அடைக்கும் வழியை முதலிலேயே கேட்டு வையுங்கள்.

வீட்டுக் கடன் பாக்கி இருக்கும் வீட்டைத் தாராளமாக விற்கலாம். பாக்கி எவ்வளவு, என்னென்ன பத்திரங்கள் தங்களிடம் இருக்கின்றன என்று வங்கியிடம் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குபவரின் வங்கி உங்கள் வங்கிக்கு நேரே பணம் கட்டி பத்திரங்களை எடுத்துக்கொள்வது வழக்கமாக நடக்கிறதுதான். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

பலர் கோட்டை விடும் இடம் இதற்கு அடுத்தது. கடன் எடுத்தபோது பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்திருப்பார்கள். கடன் அடைந்ததும் ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அது தீர்ந்ததாகக் காட்டும். வங்கிக் கடிதம் மட்டும் பீரோவில் இருந்து பிரயோஜனமில்லை.

4. கணக்கை ஒரு முழுத் தாளில் எழுதுங்கள்.

60 லட்சத்துக்கு விற்று 85 லட்சத்துக்கு வாங்குகிறோம், வித்தியாசம் 25 லட்சம், கடன் போட்டுக்கொள்ளலாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே வருவார்கள். நான் ஒரு தாளை எடுத்து அவர்களையே எழுதச் சொல்வேன்.

பழைய கடன் பாக்கி 12 லட்சம். அது போனால் கைக்கு வருவது 48. புது வீட்டுப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. தமிழ்நாட்டில் 2023 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு. 85 லட்சத்துக்கு 7 லட்சத்து 65 ஆயிரம். தரகு இரண்டு பக்கமும் ஒரு சதவீதம் என்று குறைத்துப் போட்டாலே 1 லட்சத்து 45 ஆயிரம். ஆக வீட்டுக்கு ஆகும் செலவு 94 லட்சத்து 10 ஆயிரம். கையில் இருப்பது 48. இடைவெளி 46 லட்சத்துக்கு மேல். இதில் வக்கீல் கட்டணம், வங்கியின் கடன் பரிசீலனைக் கட்டணம், சுண்ணாம்பு, பெயின்ட், சமையலறை அலமாரி, கிரில், கிரகப்பிரவேசம் எதுவும் சேரவில்லை. 25 என்று வந்தவர் 50-ஐத் தொட்டுவிடுவார்.

வங்கியும் கேட்பதையெல்லாம் தராது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அதிலும் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மதிப்பில் சேராது. அந்த 7 லட்சத்து 65 ஆயிரம் உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும். தாளில் எழுதிய பிறகும் மனசு அந்த 85 லட்சம் வீட்டில் நின்றால் வாங்குங்கள். எழுதிப் பார்த்துவிட்டு 70 லட்சம் வீட்டுக்கு இறங்கி, நிம்மதியாக இருக்கும் குடும்பங்களை நான் அறிவேன்.

5. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

"வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதியை ரொக்கமாத் தந்துடறேன்" என்று வாங்குபவர் சொல்வார். அவருக்கு முத்திரைத் தீர்வை மிச்சம். உங்களுக்கோ அது தொண்டையில் சிக்கிய முள். பெட்டியில் வந்த 20 லட்சத்தை வைத்து வெள்ளையில் புது வீடு வாங்க முடியாது, வங்கி முன்னால் காட்ட முடியாது. புது வீட்டுக்காரரிடம் நீங்களும் அதே பேச்சைப் பேச வேண்டிவரும். வீட்டுப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவு பணத்தையே அபராதமாகக் கட்ட வேண்டிவரும் என்று வருமான வரிச் சட்டத்தில் 2015-லிருந்து இருக்கிறது. இதில் மாட்டி, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை வரி அலுவலகத்தில் கட்டியவர் ஒருவர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அன்றைக்கு அந்தப் பத்திரத்தை எழுதிய என் மேல்தான் வந்தது. அதற்குப் பிறகு அப்படி வந்தவர்களை வேறு மேசைக்கு அனுப்பிவிட்டேன்.

வீடு 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்து உங்கள் பான் கணக்கில் கட்ட வேண்டும். நீங்கள் வாங்கும்போது அந்த வேலை உங்களுடையது. உங்கள் பான், எதிர்த்தரப்பின் பான், இரண்டும் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று முன்பணம் கைமாறும் முன் பாருங்கள். செயலிழந்த பான் என்றால் ஒரு சதவீதம் 20 ஆகிவிடும்.

6. இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். விற்கும் ஒப்பந்தத்தை ஒருவரிடமும் வாங்கும் ஒப்பந்தத்தை இன்னொருவரிடமும் எழுதி, ஒன்றுக்கொன்று தெரியாமல் விட்டால் கெடு தேதிகள் மோதும். வாங்கும் வீட்டின் கெடு, விற்கும் வீட்டின் கெடுவுக்குப் பின் குறைந்தது 45 நாளாவது தள்ளி இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் விற்கக் கெடு வைத்தால், வாங்க ஐந்து மாதம் கேளுங்கள். எதிர்த்தரப்பு சம்மதிக்காவிட்டால் கொஞ்சம் கூடுதல் முன்பணம் கொடுத்தாவது அவகாசம் வாங்குங்கள்.

உங்களிடம் வாங்குகிறவர் வங்கிக் கடனில் வாங்கினால், கடன் எந்தத் தேதிக்குள் அனுமதியாக வேண்டும், ஆகாவிட்டால் முன்பணம் எப்படித் திரும்பும் என்று எழுதுங்கள். நீங்கள் வாங்கும் ஒப்பந்தத்திலும் அதே வாசகம் உங்களைக் காக்கும்படி இருக்கட்டும். பதிவு முடிந்தும் ஒரு மாதம் அதே வீட்டில் இருக்க வேண்டியிருந்தால், "அதெல்லாம் இருங்க சார்" என்ற வாய்ச்சொல்லோடு நிற்காமல், எந்தத் தேதிவரை, என்ன வாடகை, எவ்வளவு தொகை அதுவரை நிறுத்தி வைக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. தகராறு என்று வரும்போதுதான் அதன் பலவீனம் தெரியும்.

வீட்டோடு என்னென்ன போகிறது என்ற பட்டியலையும் சேருங்கள். போர் மோட்டார், இன்வெர்ட்டர், சூரிய வெந்நீர்க் கருவி, மின்விசிறி, ஏசி, துளசி மாடம். ஒரு தென்னை மரத்துக் காய்க்காக இரண்டு நல்ல குடும்பங்கள் பதிவு நாளன்று அலுவலக வாசலில் முகம் திருப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். விற்றவர் "போன வாரம் விட்ட பாளை எங்களுது" என்றார்.

7. புது வீட்டை மூன்று தடவை பாருங்கள்.

ஒன்று உச்சி வெயிலில், ஒன்று இரவு எட்டு மணிக்கு மேல், ஒன்று மழை பெய்த மறுநாள். மழைக்கு அடுத்த நாள் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையில் முதல் மாடிவரை தண்ணீர் ஏறிய வீடுகளை, அடுத்த கோடையில் புதுப் பெயின்ட் அடித்து விற்றார்கள். சுவரின் அடிப்பகுதியைக் கையால் தட்டிப் பாருங்கள், பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டு கேளுங்கள்.

காகிதத்தில், பதிவே நடக்காத இடமா என்று முதலில் பார்க்க வேண்டும். கோயில் நிலம் என்று அறநிலையத் துறை எழுதிக் கொடுத்திருந்தால் சார்பதிவாளர் பத்திரத்தை ஏற்கமாட்டார். ஸ்ரீரங்கத்தில், வீட்டின் மனை கோயிலுடையது என்ற அடிமனைப் பிரச்சினையில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களே விற்க முடியாமல் தவிப்பது ஊரறிந்த கதை. அங்கீகாரம் இல்லாத மனையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் மனையாகப் பதிவானதா, பிறகு வரன்முறை ஆனதா என்று பாருங்கள். அதிகாரப் பத்திரம் வைத்துக்கொண்டு விற்க வருகிறவரிடம், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் கேளுங்கள். முடிந்தால் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கொடுத்தவர் இறந்த நிமிஷமே அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அடுக்குமாடி என்றால் சுவருக்குள் இருக்கும் அளவும், உங்களுக்கு வரும் பிரிபடாத பாக மனையின் அளவும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மீதியை வக்கீல் பார்ப்பார். வங்கி கடன் தந்துவிட்டதே என்று வக்கீலை விட்டுவிடாதீர்கள். வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார்.

8. மாதம் பார்ப்பது தவறில்லை. கூட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் வாங்க ஆள் வரமாட்டார்கள். வந்தாலும் விலை குறைத்துக் கேட்பார்கள். தை பிறந்ததும் விற்க விளம்பரம் செய்து, சித்திரையில் பதிவை முடித்து, வைகாசியில் குடிபோனால் ஜூனில் பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடம் போகச் சரியாக இருக்கும். முகூர்த்த நாட்களில் பதிவுத் துறையே கூடுதல் டோக்கன் தருகிறது. ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்தில் 100-க்குப் பதில் 150 வரை. அத்தனை பேரும் அந்த ஒரு கூடத்தில்தான் நிற்பார்கள். நல்ல நாளின் முதல் டோக்கன்களில் ஒன்றைப் பிடியுங்கள், இல்லையென்றால் அதற்கு அடுத்த சாதாரண நாளை எடுங்கள்.

9. ஒரே நாளில் விற்கவும் வாங்கவும் வேண்டாம்.

காலையில் விற்று மதியம் வாங்கிவிடலாம், ஒரே லீவில் முடியும் என்பார்கள். விற்கும்போது உங்களுக்கு வரும் பணம் பெரும்பாலும் வங்கியின் டிமாண்ட் டிராஃப்ட். அது உங்கள் கணக்கில் ஏறிப் பணமாகும்வரை வெறும் காகிதம். சர்வர் வேலை செய்யாத நாள் உண்டு. சாட்சி ஆதார் கொண்டுவராத நாள் உண்டு. ஒருநாள் ஒரு பாட்டியம்மாவின் விரல் ரேகை கருவியில் விழவேயில்லை. வாழ்நாளெல்லாம் பாத்திரம் தேய்த்த விரல். முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். வெளியே அவர் மகன் போனில், மதியம் வாங்க வேண்டிய வீட்டுக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்தக் கிழவி தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப்போல எல்லோர் முகத்தையும் பார்த்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்று விற்பனை முடிய மாலை ஐந்து மணியானது. வாங்குவது மறுவாரத்துக்குப் போனது.

ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பணம் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போங்கள். ஆர்.டி.ஜி.எஸ். இப்போது 24 மணி நேரமும் நடக்கிறது, முடிந்தால் அதையே கேளுங்கள். வயதானவர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் பிளாஸ்கில் வெந்நீரும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

10. வரியை விற்ற பிறகு யோசிக்காதீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று வரும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், இங்கே வசிக்கும் தனிநபர் பழைய முறைப்படி விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதமும் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2012-13-ல் 20 லட்சத்துக்கு வாங்கி 2025-26-ல் 80 லட்சத்துக்கு விற்றால், புது முறையில் ஏழரை லட்சம், பழைய முறையில் சுமார் எட்டரை லட்சம் வரும். வீட்டுக்கு வீடு இது மாறும், இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

புது வீடு வாங்குகிறவர்களுக்கு இதில் பெரும் விலக்கு இருக்கிறது. விற்பதற்கு ஒரு வருஷம் முன்னாலோ, விற்ற இரண்டு வருஷத்துக்குள்ளோ வாங்கினால், அல்லது மூன்று வருஷத்துக்குள் கட்டினால், வீட்டில் போட்ட அளவு ஆதாயத்துக்கு வரி கிடையாது. விற்ற முழுத் தொகையையும் போட வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆதாயத்தைப் போட்டால் போதும். விற்றவர் பெயர் புதுப் பத்திரத்தில் இருக்கட்டும். அப்பா பெயரில் இருந்த வீட்டை விற்று, மகன் பெயரில் மட்டும் வாங்கிவிட்டு வந்து நின்றால் விலக்குக் கேட்பது சிரமம். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வீடு அமையாவிட்டால், மிச்சத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்ற தனிக் கணக்கில் போட வேண்டும். சாதாரண நிலைவைப்பில் போட்டுவிட்டு விலக்குக் கேட்டால் கிடைக்காது. புது வீட்டை மூன்று வருஷத்துக்கு விற்காதீர்கள், விற்றால் வாங்கிய விலக்கு திரும்பிப் போகும். முதலில் விற்று, வாடகைக்கு இருந்து, நிதானமாக வாங்குங்கள் என்று நான் சொன்னதற்குச் சட்டமே இரண்டு வருஷம் இடம் கொடுத்திருக்கிறது பாருங்கள்.

11. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

தரகர் ஆள் கூட்டிக்கொண்டு வந்து சமையலறையை எட்டிப் பார்க்கும்போதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிய வேண்டுமா? அவர்கள் கையெழுத்துத் தேவையோ இல்லையோ, அவர்கள் சம்மதம் தேவை. புது வீட்டில் கீழ்த்தளத்தில் அவர்களுக்கு ஓர் அறை, பக்கத்தில் கழிப்பறை, நடந்து போகும் தூரத்தில் ஒரு கோயில். இதைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

12. பதிவு முடிந்தவுடன் பெயர் மாற்றுங்கள். சாவியை ஒழுங்காகக் கொடுங்கள்.

புது வீட்டில் பட்டா, சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு நான்கும் உங்கள் பெயருக்கு வர வேண்டும். பத்திரம் கைக்கு வந்த வாரத்திலேயே மனுப் போடுங்கள். பழைய வீட்டில் வரி, மின் கட்டணம் எல்லாம் கட்டிய ரசீதுகளை வாங்கியவரிடம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ், வங்கி, ஆதார் முகவரிகளை மாற்றுங்கள்.

உறையூர் வீட்டைக் கொடுத்த அன்று காலை என் மனைவி வழக்கம்போல வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். மேல் தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம். மோட்டார் சுவிட்ச் எந்தப் பக்கம் தட்டினால் ஓடும், கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை எப்படித் தூக்கிப் போட வேண்டும், மழைக்காலத்தில் எந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும் என்று வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்த வீட்டுப் பெண் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். பூஜை அறைச் சாவியைக் கடைசியாக வளையத்திலிருந்து கழற்றி அவள் கையில் வைத்துவிட்டு, நாங்கள் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு நடந்தோம்.